வடை மீட்புப் போராட்டம்

கும்மிடிப்பூண்டியில் உள்ள எங்கள் இரும்பு உருக்காலைக்குத் தொழிலாளர் உடல்நலத்தின் மேல் திடீரென்று அக்கறை பிறந்தது. 'நல வாரம்' என்று பேனர் கட்டி, ஸ்கேன் மெஷினோடு ஒரு வேனை வரவழைத்தார்கள்.

உலையடியில் வேலை செய்யும் ராஜமாணிக்கத்துக்கு நுரையீரல் கெட்டு வெகுநாளாகிறது. நாலு வார்த்தை பேசினால் நின்று மூச்சு வாங்குவார். இப்போது ஈரலில் கொழுப்பு, இதயத்திலும் கோளாறு என்றார் வேன் டாக்டர்.

"நுரையீரல் நோய் இருக்கறவங்களுக்கு இதுவும் சேர்ந்து வரலாம். முதல்ல உங்களைப் புகையிலேர்ந்து மாத்தணும்" என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

ராஜமாணிக்கம் சீட்டோடு வெல்ஃபேர் ஆபீசர் சுப்பராயனிடம் போனார்.

"சார், என்னைக் கேட் டூட்டிக்கு மாத்துங்க. மூச்சு உட முடில."

"கொழுப்புன்னு போட்டிருக்கே. கேன்டீன்ல இன்னாய்யா துன்ற?"

"எப்பனா ஒரு வடை சார்."

"வடை சுட்டா புகை வருமா, வராதா?"

"வரும் சார். ஆனா உலைல..."

"உலைப் புகைக்கு நம்மகிட்ட சர்டிபிகேட் இருக்குய்யா. வடைப் புகைக்கு இருக்கா?"

மேற்படி புகைக்குச் சான்றிதழ் ஏதுமில்லை என்பது ஐயந்திரிபற நிரூபணமாயிற்று. மறுநாளே கேன்டீன் அடுப்பை அணைத்துவிட்டு, சியா விதை ஊறிய தண்ணீரும் முளைகட்டிய பயறும் வழங்கினார்கள். உலை வழக்கம்போல எரிந்தது. ராஜமாணிக்கம் அதன் பக்கத்தில் நின்று விதைத் தண்ணீர் குடித்தார்.

எங்களுக்கு வந்ததே கோபம்! இத்தனை வருஷம் புகையை விழுங்கிவிட்டு வாய் திறக்காத நாங்கள், வடை போனதும் ஆலை வாசலில் உட்கார்ந்துவிட்டோம். "வடை எங்கள் உரிமை!" என்ற கோஷம் ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது. ராஜமாணிக்கமும் வந்து உட்கார்ந்தார். கத்த மூச்சில்லாததால் கையை மட்டும் தூக்கினார்.

நிர்வாகம் இறங்கி வந்தது. பேச்சுவார்த்தைக்குக் கிளம்பிய சங்கத் தலைவர் அன்புராஜின் கையை ராஜமாணிக்கம் பிடித்துக்கொண்டார்.

"தலைவரே, அப்டியே என் கேட் டூட்டியையும் ஒரு வார்த்தை..."

"இன்னாண்ணா பேஜாரு பண்ற! ரெண்டு கோரிக்கை வச்சா வடையும் பூடும்."

நியாயம்தானே? எல்லோரும் தலையாட்டினோம்.

வெற்றி அன்று சாயங்காலமே கிடைத்தது. உலைக்குப் போய்க்கொண்டிருந்த ராஜமாணிக்கத்தின் கையில் சூடான வடை ஒன்றை நானே வைத்தேன்.

"துன்னுண்ணா. நீயும் குந்திக்கினு போராடினதாலதான் கெடச்சுது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூச்சு வாங்கியது, வார்த்தை வரவில்லை. நன்றி சொல்ல வந்திருப்பார் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.