நெடுங்காலர் இணைப்பு எடுத்த வரலாறு

ஒரு காட்டில், மூங்கில் புதருக்கும் தாமரைக் குளத்துக்கும் நடுவே, ஒரு பழமொழியின் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாரை வாழ்ந்துவந்தது. "ஆழம் தெரியாம காலை விடாதே" என்று அதன் பெரியப்பா சொல்லுவார். அத்தோடு நிறுத்தமாட்டார், அதற்கு இன்னொரு பாதியும் உண்டு. அந்தப் பாதி வரும் நேரத்திலெல்லாம் இந்த நாரை ஏதாவது ஒரு தவளையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டது.

நாரையின் பெயர் நெடுங்காலர். பனிமலைக்கு அந்தப் பக்கத்து ஏரியில் வெகுகாலம் உத்தியோகம் பார்த்துவிட்டு, இறகெல்லாம் நரைத்தபின் ஊர் திரும்பியவர். வெள்ளை நாரை என்பதால் நரைத்தது வெளியே தெரியவில்லை. ஏரிமொழி, குளத்துமொழி இரண்டிலும் படித்தவர். ஆகவே எந்தச் சந்தேகமும் அவருக்கு இரண்டு முறை வரும்.

அவருடைய உத்தியோகம் காற்றுப் பார்ப்பது. ஏரியிலிருந்து தெற்கே புறப்படும் நாரைக் கூட்டத்துக்கு, "போகலாம்", "போகவேண்டாம்" என்று சொல்லவேண்டும். இனி அதை வீட்டிலிருந்தே சொல்லலாம் என்று கூட்டத்தலைவர் இசைந்திருந்தார். ஒரே நிபந்தனை: பௌர்ணமியன்று கூடும் சபையில், கணினித் திரையில் நெடுங்காலரின் முகம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அவர் ஏரிக்கே திரும்பவேண்டும். இல்லையென்றால் வேலை ஒரு வாத்துக்குப் போய்விடும்.

"மறுபடி அந்த மலையைத் தாண்ட என் சிறகுல தெம்பில்லைங்க" என்று அவர் மனைவி பவளவல்லி தீர்த்துச் சொல்லிவிட்டாள். "போனா நீங்க தனியாத்தான் போகணும். பேசாம ஏதாவது ஒரு இன்டர்நெட் கனெக்‌ஷனை எடுத்துத் தொலைங்க."

"ஏதாவது ஒண்ணுன்னு எடுக்க இது என்ன புழுவா?" என்றார் நெடுங்காலர். "ஆராய்ந்து எடுக்கணும்."

ஆராயத் தொடங்கினார். குளத்தங்கரைச் சேற்றில் அலகால் கோடு கிழித்து, ஒரு பக்கம் வேகம், ஒரு பக்கம் கட்டணம் என்று கட்டம் போட்டார்.

முதலில் பருந்தைக் கேட்டார். வானத்திலிருந்து நேராக இறங்கும் இணைப்பு அது. கம்பியே கிடையாது. மாதத்துக்கு நாலு விரால், அதுபோக வீட்டின்மேல் வைக்கும் குடைக்கு ஒரு கூடை கெளுத்தி.

"மழை வந்தா வேலை செய்யுமா?"

"மழையில யாருய்யா வேலை செய்யுறா?" என்று சொல்லிவிட்டுப் பருந்து மேலே போய்விட்டது.

அடுத்து குரங்கு சடையன். மரத்துக்கு மரம் கண்ணாடி இழை கட்டி, காடு முழுக்க இணைப்புக் கொடுப்பவன். தோளில் எந்நேரமும் ஒரு கம்பிச் சுருள் தொங்கும்.

"நூறு வரைக்கும் ஸ்பீடு வரும் சார். மாசத்துக்கு ரெண்டே விரால்."

"நூறு வரைன்னா?"

"வரைதான் சார். நூறைத் தாண்டவே தாண்டாது. அதுக்கு நான் கேரண்டி."

"எவ்வளவு வேணும்னாலும் பயன்படுத்தலாமா?"

"அன்லிமிடெட் சார். ஒரு அளவு தாண்டினா மட்டும் படுத்துக்கும்."

"அளவில்லாததுக்கு ஏதுப்பா அளவு?"

சடையன் பரிதாபமாகப் பார்த்தான். "வெளியூர்லேர்ந்து வர்றவங்க எல்லாரும் இதையேதான் சார் கேக்குறாங்க."

மூன்றாவது, பக்கத்து வளையில் இருந்த ஆமை. மண்ணுக்கு அடியில் பாட்டன் காலத்துக் கம்பி வைத்திருந்தது. மாதத்துக்கு ஒரு பிடி அயிரை. வேகத்தைக் கேட்டதற்கு, ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு யோசித்தது. நெடுங்காலர் ஒரு மீன் பிடித்துத் தின்று முடித்தபின் தலையை வெளியே நீட்டி, "இருக்குங்க" என்றது.

நெடுங்காலர் ஆமையைக் கட்டத்திலிருந்தே அடித்துவிட்டார். மற்ற இரண்டையும் வைத்து, ஒரு விரால் கொடுத்தால் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்று வகுத்துப் பார்த்தார். பெரிய விராலா சின்ன விராலா என்ற கேள்வி வந்தது. அதற்குத் தனியாக ஒரு கட்டம் போட்டார். மழை பெய்து கட்டம் அழிந்தது. மறுபடி போட்டார். அணில் கடித்தால் கண்ணாடி இழை என்னாகும் என்று அணிலிடமே போய்க் கேட்டார். "ருசி பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றது அணில். அதையும் குறித்துக்கொண்டார்.

வளர்பிறை வளர்ந்துகொண்டே வந்தது. அவர் ஒற்றைக்காலில் நின்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, அந்தப் பழமொழியோட மீதிப் பாதி என்னன்னு தெரியுமா?" என்றாள் பவளவல்லி.

"தெரியாது. உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நம்ம கல்யாணத்தன்னைக்கு உங்க பெரியப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. முதல்ல கனெக்‌ஷன் எடுங்க, அப்புறம் சொல்றேன்."

பௌர்ணமி வந்தேவிட்டது. அன்று காலையில் நெடுங்காலர் துணிந்து சடையனுக்கு ஆளனுப்பினார். "இதோ, பாலத்துகிட்ட வந்துட்டேன்னு சொல்லு" என்று பதில் வந்தது. உச்சிவேளையில் மறுபடி ஆளனுப்பினார். அப்போதும் சடையன் பாலத்துகிட்டத்தான் வந்துகொண்டிருந்தான். அந்தக் காட்டில் பாலமே கிடையாது என்பது மாலையில்தான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

சபை கூடும் நேரம். பவளவல்லி ஒரு பிடி அயிரையை அள்ளிக்கொண்டு ஆமையிடம் போனாள்; வரும்போது கடவுச்சொல்லோடு வந்தாள்.

திரை விழித்தது. ஏரிக்கரையில் கூட்டம் முழுக்கத் தெரிந்தது. தலைவர் கேட்டார்: "நெடுங்காலரே, நாளைக்குப் புறப்படலாமா? அங்கே காற்று எப்படி?"

அன்று காற்று அருமையாக இருந்தது. "தாராளமாப் புறப்படலாம்!" என்றார் நெடுங்காலர்.

ஆனால் ஆமையின் கம்பியில் அங்கிருந்து வருவது வந்தது. இங்கிருந்து முதல் படம் மட்டும் போனது, பிறகு எதுவும் போகவில்லை. ஏரிக்கரைத் திரையில் அவர் ஒற்றைக்காலில், கண்ணைப் பாதி மூடி, அலகைச் சற்றே சாய்த்து நின்றபடி நின்றுபோனார்.

"கேக்குதா? புறப்படலாம்! புறப்படலாம்!" நெடுங்காலர் சிறகை அடித்தார், குதித்தார், ஒரு தடவை குட்டிக்கரணம்கூடப் போட்டார். பிறந்ததிலிருந்து அவர் அவ்வளவு அசைந்ததே இல்லை.

அங்கே கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

"யோசிக்கிறாரு."

"இமைகூட ஆடலை, பாரு."

"நம்ம வாத்தைக் கேட்டிருந்தா இந்நேரம் நாலு தடவை கத்தியிருக்கும்."

வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலைவர் பெருமூச்சு விட்டார். "இவ்வளவு யோசிக்கிறாருன்னா எதுவோ சரியில்லை. பயணத்தைத் தள்ளிவைப்போம்." திரை அணைந்தது.

நெடுங்காலர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு. வேலை வாத்துக்குத்தான்."

மறுநாள், யாரும் எதிர்பாராமல், கடல் பக்கமிருந்து புயல் அடித்தது. மூங்கில்கள் முறிந்தன. குளம் கரையேறியது. பருந்தின் குடைகள் பறந்தன. சடையனின் இழைகள் ஊஞ்சலாகித் தொங்கின. மண்ணுக்கு அடியில் இருந்த ஆமையின் கம்பிக்கு மட்டும் வெளியே என்ன நடந்தது என்றே தெரியவில்லை. புயல் ஓய்ந்ததும் அதன் வழியாகத் தலைவரின் செய்தி வந்தது, எழுத்து எழுத்தாக: "கூட்டம் பிழைத்தது. இப்படி ஒரு மௌனத்தை நாங்கள் கண்டதில்லை. ஆயுள் முழுக்க நீங்களே எங்கள் காற்றுப் பார்ப்பவர். வீட்டிலேயே இருங்கள்."

பவளவல்லி அதை வாசித்தாள். கணவனைப் பார்த்தாள்.

"நீங்க 'புறப்படலாம்'னுதானே கத்துனீங்க?"

"மெதுவாப் பேசு" என்றார் நெடுங்காலர். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்த மீதிப் பாதி என்ன?"

"'ஆழம் தெரியாம காலை விடாதே, ஆழமே பார்த்துக்கிட்டு நின்னா கால்ல பாசி பிடிக்கும்.'"

நெடுங்காலர் குனிந்து பார்த்தார். செக்கச்சிவந்த கால் முட்டிவரை பச்சையாக இருந்தது.

அப்போது சடையன் தோளில் புதுக் கம்பிச் சுருளோடு வந்து நின்றான். "சாரி சார், பாலத்துகிட்ட லேட்டாயிடுச்சு. இப்ப இருநூறு வரைக்கும் வருது. இழுத்துடலாமா?"

நெடுங்காலர் அவனைத் தாண்டி ஆமையின் வளைக்கு நடந்து, அதனிடம் இருப்பதிலேயே மெதுவான இணைப்பை ஆண்டுச் சந்தாவாக எடுத்துக்கொண்டார்.

*

நீதி (நிபந்தனைகளுக்கு உட்பட்டது): வேகமான இணைப்பில் நீ சொன்னது மட்டுமே போய்ச் சேரும். மெதுவான இணைப்பில் உன்னிடம் இல்லாத ஞானமும் சேர்ந்து போகும், கட்டணமும் குறைவு.