தகரப் படகும் தலை தீபாவளியும்

நீச்சல் தெரியாதவன் தண்ணீரில் மூழ்குவது உலக வழக்கம். நீச்சல் தெரியாதவன் தான் பத்திரமாகக் கரையேறிவிட்டு, மாமனாரின் படகை மட்டும் மூழ்கடிப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை எனக்கு இருப்பது என் தலை தீபாவளிக்கு முந்தின நாள் காலையில்தான் எனக்கே தெரிந்தது.

நான் திண்டுக்கல் டவுனில் செல்போன் கடை வைத்திருப்பவன். மனைவி பவித்ராவின் ஊர் எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெண் பார்க்கப் போனபோதே மாமனார், "டவுன்காரப் பய, மம்பட்டி புடிக்கத் தெரியுமா?" என்று கேட்டவர். கல்யாணத்துக்குப் பிறகும் அக்கம்பக்கத்தில் என் பேச்சு வந்தால் "அந்த டவுன்காரரு" என்றுதான் சொல்வாராம். (மரியாதைக்கு ஒரு 'ரு' சேர்த்துக்கொண்டார், அம்புட்டுத்தான்.) இந்தத் தீபாவளிக்குள் அவர் வாயால் ஒரு தடவையாவது "என் மாப்பிள்ளை" என்று சொல்ல வைத்துவிட வேண்டும் என்ற வைராக்கியத்தோடுதான் பஸ் ஏறினேன்.

அந்த வருடம் நல்ல மழை. பல வருடமாக ஆடு மேய்ந்த குளம் நிறைந்துவிட்டது. மாமனார் மீன் குத்தகை எடுத்து, தண்ணீர்த் தொட்டி செய்கிற பட்டறையில் சொல்லி இரும்புத் தகட்டில் ஒரு சின்னப் படகும் செய்துவிட்டார். பெற்ற மகனைக்கூட அதைத் தொட விடமாட்டார். அன்று காலை அவர் எனக்கு விருந்து வைக்கக் கிடாய் வாங்க அய்யலூர் சந்தைக்குப் போயிருந்தார். படகு கரையோரம் தனியாகக் கிடந்தது.

"உங்களுக்குப் படகு ஓட்டத் தெரியுமா?" என்றாள் பவித்ரா.

"கொடைக்கானல் ஏரியவே கலக்கினவன்டி நான்" என்றேன். (கலக்கினது உண்மை. அது காலால் மிதிக்கிற படகு. மிதித்ததும் என் அண்ணன்.)

துடுப்புப் போட்டுக் கொஞ்ச தூரம் போயும்விட்டோம். படகுக்குள் முந்தின ராத்திரி மழைத்தண்ணீர் கணுக்கால் அளவு கிடந்தது. மாமனார் வருவதற்குள் அதைச் சுத்தம் செய்து வைத்தால் எப்படி இருக்கும்! குனிந்து பார்த்தேன். அடித்தட்டில் ஒரு ஓட்டை, அதில் துணி சுற்றிய மரத் தக்கை. எங்கள் வீட்டுக் குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் இருப்பது போலவே இருந்தது.

"ஏங்க, அதை எதுக்குப் புடுங்குறீங்க?"

"தண்ணி வெளிய போகணும்ல?"

பிடுங்கினேன். தக்கையைச் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டேன். தண்ணீர் வெளியே போகவில்லை. குளம் உள்ளே வந்தது. கரையில் இழுத்துப் போட்ட பிறகு பிடுங்க வேண்டிய தக்கை அது என்பதை எனக்கு யார் சொன்னார்கள்? படகு முனகக்கூட இல்லாமல் கீழே போனது. நல்ல வேளை, ஆழம் மார்பளவுதான். இருவரும் சேற்றில் நடந்து கரைக்கு வந்தோம். வழி நெடுக பவித்ரா எனக்குச் செய்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

மச்சான், அதாவது பவித்ராவின் அண்ணன், விஷயம் கேட்டு ஓடி வந்தார். "எப்படி மாப்ள முங்குச்சு?"

"சாஞ்சிருச்சு மச்சான்" என்றேன். தக்கை விஷயத்தை அப்படியே அமுக்கிவிட்டேன்.

அவர் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தது பாதாளக் கொலுசு. கிணற்றில் வாளி விழுந்தால் கயிற்றில் கட்டி இறக்குவோமே, அந்தக் கொக்கிக் கொத்து. "மச்சான், இது வாளி இல்ல, படகு" என்றேன்.

"தண்ணிக்குள்ள விழுந்தா எல்லாம் ஒண்ணுதான் மாப்ள."

முதல் வீச்சில் ஒரு பழைய சேலை வந்தது. அடுத்து மோட்டார் ஹோஸ். அதற்குள் கரையில் ஊரே கூடி ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்தது. "இடப்பக்கம் போடுப்பா", "ஏலே, வலப்பக்கம்டா" என்று இரண்டு கட்சியாகவே பிரிந்துவிட்டார்கள். ஒருவழியாகக் கொக்கி மாட்டியது. கயிற்றை டிராக்டரில் கட்டி இழுத்தார் மச்சான். சேறும் பாசியும் வழிய, வயிறு நிறைய ஜிலேபிக் கெண்டையோடு படகு கரையேறியது. கூட்டம் விசில் அடித்தது.

"வலை போடாம மீன் புடிச்ச மொத ஆளு நீதான் மாப்ள" என்றார் மச்சான்.

படகைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினோம். நானே தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ஓட்டையில் களிமண் கெட்டியாக அடைத்திருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. எனக்காவது ஞாபகம் வந்திருக்க வேண்டாமா? படகு கிடைத்த சந்தோஷத்தில் மூளையைக் குளத்திலேயே விட்டுவிட்டேன். படகை மறுபடி தண்ணீரில் தள்ளிக் கட்டி வைத்த நேரத்தில், மொபெட்டில் கிடாயோடு மாமனார் வந்து இறங்கினார். பளபளக்கிற படகையும் சேறு அப்பிய என் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

பவித்ரா முந்திக்கொண்டாள். "காலையில இருந்து உங்க படகைக் கழுவிக்கிட்டு இருக்காருப்பா."

மாமனாரின் முகம் மலர்ந்தது. கூட்டத்தைப் பார்த்து, "பாத்தீங்களாப்பா என் மாப்ளைய! ஒருத்தரும் சொல்லாமச் செய்யிறாரு" என்றார்.

என் மாப்ள! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கிடாயின் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, அவர் சந்தோஷமாகப் படகில் ஏறித் துடுப்புப் போட்டார். நான் முகம் துடைக்கக் கைக்குட்டையைத் தேடிச் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். கையில் வந்தது தக்கை.

"மாமா!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். களிமண் கரைந்துவிட்டது போல. கையசைத்தபடியே அவர் மெல்லக் கீழே போனார். மார்பளவில் நின்றார். தலையில் கட்டிய உருமால் நனையவில்லை. கிடாய் ஒரு தடவை கத்தியது. நான் தக்கையை உயர்த்திக் காட்டினேன். வேறு என்ன செய்வது?

அவர் நடந்தே கரைக்கு வந்து, கையை நீட்டினார்.

"குடுங்க, டவுன்காரரே."

ஆச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறுநாள் கறி விருந்தில் எனக்கு ஒரு துண்டும் இறங்கவில்லை. (இறங்கியது. ஆனால் ருசிக்கவில்லை.) படகை மச்சான் மறுபடி அதே கொலுசு போட்டுத்தான் எடுத்தார். இப்போது அந்தத் தக்கைக்குச் சங்கிலி போட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாமனார் யாரையாவது பிடித்து நிறுத்தி, "இந்தா நிக்கிறாரே, இவருதான் என் மாப்ள. இவரு செஞ்ச வேலையக் கேளுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார். நான் ஆசைப்பட்ட வார்த்தை இப்போது எனக்குத் திகட்டத் திகட்டக் கிடைக்கிறது. கூடவே, வருடா வருடம் தீபாவளிக்கு அவர் எடுத்துத் தரும் சட்டையில் பை மட்டும் இருப்பதில்லை.