பெத்லகேமுக்கு ஒரு பெரிய பேட்டரி

மூன்றாவது தடவையாகப் பெத்லகேம் இருண்டது.

கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்த வானதூதர் பாதி வழியில் தலைகீழாக நின்றுவிட்டார். அருவி ஓய்ந்தது. வால்நட்சத்திரம் வாலில் தொடங்கித் தலைவரை அணைந்தது. வீட்டுக்குள்ளிருந்து இன்வெர்ட்டர் மட்டும் ‘கீ... கீ...’ என்று பாலுக்கு அழுகிற பிள்ளை மாதிரி கத்தியது.

“ஏட்டி, இப்ப எவ்வளவு நேரம் நின்னுது?” என்று முற்றத்திலிருந்து கேட்டான் சகாயம்.

“அரிசி வெந்துட்டு. இன்னும் வடிக்கல்ல,” என்றாள் மரியபுஷ்பம் அடுக்களையிலிருந்து.

“சிஸ்டர்மாரு தெரு முழுக்கச் சுத்தி வரதுக்கு அது போருமா?”

“போராது. நான் வேணும்னா கேப்பை வேக வைக்கட்டா? அது கூட நேரம் எடுக்கும்.”

சகாயம் சிரிக்கவில்லை. போன கிறிஸ்துமஸை அவன் இன்னும் மறக்கவில்லை. ஊரும் மறக்கவில்லை. குவைத்திலிருந்து மொத்தமாகத் திரும்பி வந்த வருஷம் அது. வட்டக்கோட்டைக் கடற்கரையின் கறுப்பு மண்ணில் பாலைவனம், மயிலாடியில் சொல்லிச் செய்த கல் ஒட்டகம் என்று முற்றம் நிறையக் குடில் கட்டினான். பங்குக் கோயில் நடத்துகிற குடில் போட்டிக்கு மார்க் போட சிஸ்டர்மார் படியேறிய நேரம் பார்த்துக் கரண்டு போனது. மூத்த சிஸ்டர் இருட்டில் ஒட்டகத்தின்மேல் காலை இடித்துக்கொண்டு “ஏசுவே!” என்றது ஜெபம் அல்ல.

கோப்பை பக்கத்து வீட்டுக்குப் போனது. பக்கத்து வீட்டுக்காரன் ஏசுஅடிமை, மரியபுஷ்பத்தின் கூடப்பிறந்த தம்பி. அவன் கோப்பையை டிவிக்கு மேலே வைத்தான். அன்றிலிருந்து சகாயம் அந்த வீட்டில் டிவி பார்ப்பதில்லை.

இந்த வருஷம் கோப்பை இந்த வீட்டுக்கு வந்தாக வேண்டும். சிஸ்டர்மார் வருவது நாளைச் சாயங்காலம். ஆனால் புயலில் விழுந்த கம்பங்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கரண்டு நினைத்தால் வந்தது, நினைத்தால் போனது.

“பெரிய பேட்டரி வாங்கணும்,” என்றான் சகாயம். “சின்னது குடிச்சது காணாது.”

கொட்டாரத்தில் பேட்டரிக் கடை வைத்திருந்த சிவதாணு விவரம் கேட்டார்.

“வீட்டுல எத்தன ஃபேன் ஓடணும்?”

“ஃபேன் ஒண்ணும் வேண்டாம். ஒரு அருவி, ஒரு நட்சத்திரம், கறங்குத காத்தாடி ஒண்ணு, ஏறி இறங்குத வானதூதர் ஏழு பேரு.”

சிவதாணு பேனாவைக் கீழே வைத்தார். “வானதூதர் ஒருத்தருக்கு எத்தன வாட்டு?”

“அது பெட்டியில போடல்ல.”

“செரி. இருக்கதுல பெருச எடுத்துக்கிடும். ஆனா ஒண்ணு கேட்டுக்கிடும் வேய். பெரிய பேட்டரி நிறைய நேரம் ஓடும். நிறையதுக்கும் அவ்வளவு நேரம் வேணும். உம்மளுக்க இன்வெர்ட்டர் சின்னது, பையத்தான் ஏத்தும்.”

சகாயம் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டான்.

ஆட்டோவில் பேட்டரிக்கு நடு இடம். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கல்யாணத்தன்றுகூட இப்படிச் சேர்ந்து வந்ததில்லை என்று மரியபுஷ்பம் சொன்னாள். நடுவில் இருந்த கனத்தில் சகாயத்துக்கு அது கேட்கவில்லை.

மாட்டினார்கள். கரண்டு கொஞ்சம் வந்தது, பேட்டரி கொஞ்சம் குடித்தது. மறுபடி கரண்டு போனது. பெத்லகேம் ஜொலித்தது. சகாயம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

‘கீ... கீ...’

“பழசு அரிசி வேகது வரைக்கும் நின்னுது,” என்றாள் மரியபுஷ்பம். “இது உலை கொதிக்கதுக்கு முன்ன போச்சே!”

சகாயம் கடைக்குப் போன் போட்டான். “அண்ணாச்சி, பழைய பேட்டரியையும் கூடச் சேத்துக் கட்டினா என்ன?”

“கட்டாதேயும்! பழசு புதுசுக்க ரத்தத்த உறிஞ்சிப் போடும்.”

“கட்டியாச்சே.”

“அவுரும் வேய், அவுரும்!”

அவிழ்க்கிறதற்குள் இருந்த கொஞ்சமும் வடிந்து போயிருந்தது. அதற்குப் பிறகுதான் சகாயம் சட்டம் போட்டான்.

“இனி வீட்டுல ஃபேன் கெடையாது. லைட்டு கெடையாது. போனுக்குச் சார்ஜும் கெடையாது. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இது குழந்த ஏசுவுக்கு மட்டுமாக்கும்.”

“கரண்டு இருக்கும்போ போன போட்டா என்ன?”

“ஒரு பைப்புல ரெண்டு குடம் வச்சா எந்தக் குடம் நிறையும்? வருத கரண்டு முழுசும் பேட்டரிக்குப் போணும்.”

“எனக்க போனு சாவப் போவுது. பிள்ளை துபாயிலேருந்து விளிச்சா?”

“கர்த்தர் பொறக்கும்போ போனு இருந்துதா?”

“இன்வெர்ட்டர் இருந்துதா?”

ஆனால் சட்டம் சட்டமாகவே நின்றது. மறுநாள் விடியும்போது இரண்டு போன்களும் அடங்கிவிட்டன.

போன் அடங்கினாலும் செய்தி அடங்கவில்லை. காலையில் கரண்டு போனதும் வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு சார்ஜர். எல்லாருக்கும் முன்னால் எதிர்வீட்டுப் பெபிஷா.

“மாமா, ஊருக்கே பத்துத மாதிரி பேட்டரி வாங்கியிருக்கியளாமே. எனக்க போன கொஞ்சம் குத்தி வையுங்க.”

“இஞ்ச எடமில்ல, மக்கா.”

“மூலையில ஒரு ஓட்டை போரும்.”

“ஒரு ஓட்டையும் இல்ல. எல்லாரும் போங்க. போங்கன்னு சொல்லுகேன்லா?”

“இதத்தான் அண்ணைக்குப் பெத்லகேம் சத்திரக்காரனும் சொன்னான்,” என்றாள் பெபிஷா. “இனி உங்ககிட்ட ஒரு வார்த்த பேசினா என்னன்னு கேளுங்க.”

சார்ஜர்களைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் போனார்கள். போனவர்கள் சொன்னபடியே இருந்தார்கள். அன்று பகல் முழுக்க அந்தத் தெருவில் ஒருவரும் சகாயத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

“தொல்ல ஒழிஞ்சுது,” என்று பேட்டரியின் மூடியைத் திறந்தான். “ஏட்டி, தண்ணி கொறஞ்ச மாதிரி இருக்கு. அந்த பாட்டில எடு.”

கொண்டு வந்து சாய்க்கப் போனவளின் கையைப் பாய்ந்து பிடித்தான். “இது கோயில் தீர்த்தமுல்லா! பேட்டரித் தண்ணி அலமாரிக்கு அடியில இருக்கு.”

“இருந்தா என்ன? கூடக் கொஞ்ச நேரம் எரியும்லா?”

நல்லவேளை, மதியத்துக்கு முன் கரண்டு வந்தது. வந்தது போகாமல் நிலைத்தது. பேட்டரி முதல் தடவையாக வயிறாரக் குடித்தது. இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. சகாயம் அதன் முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஏசுஅடிமை வந்தான். கையில் ஒரு சாக்குப்பை.

“அத்தான், கொள்ளாம்! உங்களுக்க குடிலுக்கு முன்ன நான் எல்லாம் எம்மாத்திரம்?”

சகாயம் சந்தேகத்தோடு பார்த்தான். “என்னல, பைக்குள்ள?”

“எனக்க சீரியல் லைட்டு எல்லாம். ஒரு நட்சத்திரமும் உண்டு. எனக்கு இந்த வருஷம் வேண்டாம், நீங்க போடுங்க. எவ்வளவு கூடப் போடணுமோ அவ்வளவும் போடுங்க.”

அவன் போன பிறகு சகாயம் பையைத் தூக்கிப் பார்த்தான். “பாவம். தோத்தது இப்பவே தெரிஞ்சுட்டு அவனுக்கு.”

“எனக்க தம்பி சும்மா ஒண்ணும் தர மாட்டான்,” என்றாள் மரியபுஷ்பம். “ஞானஸ்நானத்துக்குப் போட்ட மோதிரத்தையே அவன் திரும்பக் கேட்டவனாக்கும்.”

பொழுது சாய்ந்தது. கோயில் மணி அடித்தது. சொல்லி வைத்தாற்போலக் கரண்டு போனது.

சகாயம் மூச்சைப் பிடித்தான். பெத்லகேம் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தது. அருவி கொட்டியது. காத்தாடி கறங்கியது. ஏழு வானதூதர்களும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். இன்வெர்ட்டரிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

அரிசி வெந்தது. வடித்தும் ஆயிற்று. மீன்குழம்பு கொதித்து இறங்கியது. பெத்லகேம் அப்படியே நின்றது.

“ஜெயிச்சாச்சு!” என்று சகாயம் மதில் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தான். தெரு முழுக்க இருட்டு. ஒவ்வொரு வீட்டுக் குடிலிலும் ஏதோ ஒரு சின்ன விளக்கு மினுங்கியது. ஏசுஅடிமையின் முற்றத்தில் வைக்கோலுக்கு நடுவே ஒற்றை அகல்விளக்கு. ஆளைக்கூடக் காணோம்.

“வீட்டோட எல்லாரும் கோயிலுக்குப் போயிருக்கு, சிஸ்டர்மாரக் கூட்டிட்டு வர,” என்றாள் மரியபுஷ்பம்.

சகாயத்தின் மனசு இளகியது. ஜெயித்தவனுக்கு வருகிற இளக்கம் அது. “கிறிஸ்துமஸும் அதுவுமா மச்சினனுக்க மானம் போவலாமா ஏட்டி? பேட்டரியில எவ்வளவோ மிச்சம் கெடக்கு. அவனுக்க லைட்ட அவனுக்கே போட்டுக் குடுப்போம்.”

“கேக்காம எப்பிடி?”

“கேட்டா ரோசத்துல வேண்டான்னுடுவான்.”

மதிலுக்கு மேலே ஒயரை வீசினான். ஏறிக் குதித்தான். வைக்கோல் கூரையில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சுற்றினான். உச்சியில் நட்சத்திரத்தைக் கட்டினான். திரும்பி வந்து சுவிட்சைப் போட்டபோது இரண்டு பெத்லகேம்கள் பக்கத்தில் பக்கத்தில் ஜொலித்தன. மரியபுஷ்பத்துக்கே கண் கலங்கிவிட்டது.

“நீங்க இவ்வளவு நல்லவருன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!”

தெருமுனையில் டார்ச் வெளிச்சம் திரும்பியது. இரண்டு சிஸ்டர்மார், அவர்களுக்கு முன்னால் ஏசுஅடிமை. கோப்பையை வாங்கி முடித்தவனின் நடை. தன் வீட்டைக் கண்டதும் அந்த நடை நின்றது.

“யாரு... இது யாரு செஞ்சது?”

“நான்தான் மச்சினா,” என்று சகாயம் மதிலில் சாய்ந்து நின்று சிரித்தான். “நன்றி ஒண்ணும் சொல்லாண்டாம். சொந்தத்துக்குள்ள என்ன?”

“ஒத்த அகல்விளக்கு வச்சுட்டுப் போனேனே, அத்தான்...”

“அத ஊதி அணைச்சுட்டேன். பொகை தட்டி மாதாவுக்க மொகம் கறுத்துப் போவும்லா?”

ஏசுஅடிமை மதிலோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மூத்த சிஸ்டர் அந்தக் குடிலைப் பார்த்தார், இந்தக் குடிலைப் பார்த்தார், பேனாவை மூடிப் பைக்குள் போட்டார்.

“பாதி வீட்டுல இன்வெர்ட்டர் இல்ல, அதனால இந்த வருஷம் கரண்டே தொடாத குடிலுக்குத்தான் பரிசுன்னு மத்தியானமே பங்கு வாட்ஸ்அப்புல போட்டமே, தெருவுல நீங்க ரெண்டு பேரும் மட்டும் பாக்கலியா?”