சாப்பு கவுன்சிலரும் காலி லயமும்

சாப்பு கவுன்சிலர் கையெழுத்துப் போட மறுத்த காகிதம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. கேமரன் மலையை ரிங்லெட்டிலிருந்து உச்சி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. காகிதமாக இருந்தால் போதும், கையெழுத்துப் போட்டுவிடுவார். போட்ட கையோடு முத்திரையும் குத்துவார். முத்திரையை எங்கள் பக்கம் சாப்பு என்போம். அதனால் அவர் பெயரும் சாப்பு என்றே ஆகிவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

எங்கள் ஊரில் கவுன்சிலருக்கு ஓட்டெடுப்பு இல்லை, நியமனம்தான். தேயிலை லோரி ஓட்டிக்கொண்டிருந்தவரைக் கட்சி ஒரு நாள் கூப்பிட்டு மாவட்ட மன்ற உறுப்பினராக்கியது. மறுநாளே ஒரு பழுப்பு நிறக் குளிர்ச்சட்டை வாங்கினார். இடப்பக்கப் பையில் சாப்பு, வலப்பக்கப் பையில் மைப்பெட்டி. திருவிழாவில் சாமி ஊர்வலத்தோடு நடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மை கரைந்து வெள்ளை வேட்டியெல்லாம் சிவப்பு நிறம். "சாப்பு அண்ணனை யாரோ சுட்டுட்டாங்க" என்று பின்னால் வந்தவர்கள் கத்த, மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

கல்யாணப் பத்திரிகையில் சாப்பு குத்தியிருக்கிறார். பிள்ளைகளின் தேர்வு அட்டையில் குத்தியிருக்கிறார். கியா பார்மில் கடை போட்டிருந்த அவருடைய மச்சான் கேட்டார் என்பதற்காக ஸ்ட்ராபெரி டப்பாக்களில்கூட வரிசையாகக் குத்திக் கொடுத்தார். அரசாங்கமே சான்று கொடுத்த பழம் என்று நினைத்து சுற்றுலாக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். மன்ற அதிகாரி அவரைக் கூப்பிட்டு ஒரு டப்பாவை மேசையில் வைத்து, "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

"ஸ்ட்ராபெரி லா சார். சாப்பிட்டுப் பாருங்க, இனிப்பா இருக்கும்."

மன்றக் கூட்டத்தில் அவர் நிலைமை வேறு மாதிரி. முதல் கூட்டத்துக்கு ஒரு வாரம் மலாயில் பேசிப் பழகிக்கொண்டு போனார். எங்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போகும் சாலையில் உள்ள குழிகளைப் பற்றிப் பேச்சு. எழுந்து நின்று பாதி பேசுவதற்குள், "அது எஸ்டேட் நிலம். மன்றத்துக்குச் சொந்தமில்லை" என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் வடிகால் கேட்டார். எஸ்டேட் நிலம். விளக்குக் கம்பம் கேட்டார். எஸ்டேட் நிலம். எங்கள் லயம், கோயில், மாட்டுக்கொட்டகை, குடிதண்ணீர்த் தொட்டி, எல்லாமே கம்பெனி நிலத்தில்தான் இருந்தன. தனக்குக் கொடுத்த பகுதியில் தனக்கு அதிகாரமுள்ள மண் எங்கே இருக்கிறது என்று தேட, மன்றத்து வரைபடத்தை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுத் தரையில் விரித்தார். இரண்டு பாய் விரிக்கும் அளவுக்கு ஓர் இடம் அகப்பட்டது. பெரிய சாலையில், எஸ்டேட் பாதை பிரியும் முனையிலுள்ள பேருந்து நிறுத்தம்.

விடுவாரா? கூரை கேட்டு வாங்கினார். பெஞ்சு வாங்கினார். குப்பைத்தொட்டி, விளக்கு, வளைவுக் கண்ணாடி, ரோஜாத் தொட்டிகள், அறிவிப்புப் பலகை. மலிவாகக் கிடைத்தது என்று கடிகாரம் ஒன்றையும் மாட்டினார். பஹாங் மாநிலத்திலேயே அத்தனை வசதியுள்ள நிறுத்தம் இருந்திருக்காது. பேருந்துதான் எப்போதாவது வரும்.

சாலையும் விளக்கும் போட முடியாத மனிதருக்கு மிஞ்சியது கடிதம் ஒன்றுதான். பள்ளி விடுதிக்கு, வேலைக்கு, மலிவு விலை வீட்டுக்கு, எதற்கு மனுப் போட்டாலும் கவுன்சிலரின் ஆதரவுக் கடிதம் ஒன்றை உடன் வைப்பது இந்த நாட்டு வழக்கம். சூராட் என்போம். தேயிலைக் கூடையோடு பெண்கள் அவர் வீட்டு வாசலில் வரிசை பிடிப்பார்கள்.

எனக்கும் ஒரு சூராட் எழுதினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். என் அம்மா சம்பளத்துக்குக் கட்டைவிரல் ரேகை வைக்கிறவர். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படிக்க ஈப்போவில் விடுதி வேண்டும் என்று அம்மாவோடு போய் நின்றேன். அவர் எழுதிக் கொடுத்த மலாய்க் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, நாலு பிழை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

சாப்பு மாமா சிரித்தார். "அப்ப நீயே எழுது, கிராணியம்மா. நான் சாப்பு அடிக்கிறேன்."

எஸ்டேட்டில் கிராணி என்றால் எழுத்து வேலை பார்க்கிறவர். அன்றிலிருந்து அவருடைய கடிதங்களையெல்லாம் எழுதியது நான்தான். விடுமுறைக்கு வரும்போது எழுதினேன். படித்து முடித்து, தானா ராத்தாவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, அம்மாவையும் அங்கே கூட்டிக்கொண்ட பிறகும் எழுதினேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, நனைந்த குளிர்ச்சட்டையோடு என் அலுவலகத்துக்கு வந்து நின்றார். கையில் வீங்கிப்போன ஒரு கோப்பு.

"வெள்ளிக்கிழமையோட என் தவணை முடியுது மா. அடுத்ததுக்கு வேற ஆளாம். இத்தனை நாளா என்னா செஞ்சேன்னு ஒரு பக்கம் எழுதித் தரணுமாம். நீதான் அழகா எழுதுவியே."

அழகாகத்தான் எழுதினேன். 'சாலை மேம்பாடு' என்று தொடங்கினேன்.

"எந்தச் சாலை?" என்றார்.

"நீங்க கேட்டீங்களே மாமா, அந்தச் சாலை."

"கேட்டேன். கெடைக்கல. வெட்டிடு."

'வடிகால் சீரமைப்பு.'

"எந்த வடிகால்? போன வாரம்கூட பக்கத்து வீட்டு அஞ்சலை அதுல விழுந்து எழுந்திரிச்சா. வெட்டு, வெட்டு."

'இளைஞர் முன்னேற்றம்' என்றேன். எந்த இளைஞன் என்று கேட்டார். கடைசியில் பேருந்து நிறுத்தம் மட்டும் நின்றது. ஒரு பக்கத்தில் இரண்டு வரி. அவர் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கண்ணாடி இல்லாமலும் பார்த்தார்.

எனக்கு ரோஷம் வந்தது. கோப்பைப் பிரித்துப் போட்டேன். நான் எழுதிய கடிதங்களின் நகல்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, "இவங்க?" என்று கேட்டேன்.

"மகனுக்கு ஷா ஆலாம்ல வேலை கெடைச்சுது. குடும்பத்தோட போயிட்டாங்க."

"இவங்க?"

"கோலக் கங்சார். மக தாதிப் படிப்பு படிச்சிச்சு. இப்ப வீடு வாங்கிட்டாங்களாம்."

"இவங்க?"

"ரிங்லெட்ல மலிவு வீடு. சந்தையில பாத்தா சிரிப்பா."

சந்தோஷம் தாங்காமல் நான் மேசையைத் தட்டினேன். "மாமா, ஒரு கடிதம்கூட வீணாப் போகல! கேட்டதெல்லாம் நடந்திருக்கு!"

அவர் நகல்களை அடுக்கி விளிம்பு சரிசெய்தார். "அதான் லயத்துல ஒரு சத்தத்தையும் காணோம்" என்றார்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அந்தக் கோப்பு எங்கள் லயத்தின் வீட்டு எண்கள் வரிசையாகவே போனது. அவர் சாப்பு குத்தக் குத்த ஒவ்வொரு வீடாகப் பூட்டப்பட்டது. அவர் போட்ட பெஞ்சில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்து, அவர் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்துப் பேருந்துக்குக் காத்திருந்து எல்லாரும் போய்விட்டார்கள். நானும் என் அம்மாவும் உட்பட. மற்ற லயங்களில் வங்காளதேசத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவருடைய சூராட் தேவைப்படுவதில்லை. எங்கள் லயத்தில் மிச்சமிருந்தது இரண்டே வீடு. ஒன்று அவருடையது. பக்கத்து வீடு அஞ்சலை அக்காவும் அவர் புருஷனும்.

கோப்பின் அடியில் ஒரு கடிதம் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அஞ்சலை அக்காவுக்கு ரிங்லெட்டில் மலிவு வீடு கேட்டு நான் தட்டச்சு செய்தது. சரிவில் ஏறி இறங்கி அவருடைய முழங்கால் போய்விட்டது.

"மாமா, இத நான் கொடுத்து ரெண்டு மாசம் ஆச்சு."

"மை காஞ்சு போச்சு லா."

"போன மாசம்தான் புது மை வாங்கிக் கொடுத்தேன்."

"குளிரு மா. மை ஒறைஞ்சிடுது."

"மாமா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி இறந்து பல வருடம், பிள்ளைகள் இல்லை. அவர் வீட்டில் ரேடியோ கிடையாது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அஞ்சலை அக்கா வைக்கிற ரேடியோவில்தான் அவரும் செய்தி கேட்பார். அக்கா குழம்பு தாளித்தால் இவர் சோற்றை வடிப்பார். ஒரு கிண்ணம் எப்படியும் வந்துவிடும்.

"அவளும் போயிட்டா நான் யாருக்குக் கவுன்சிலர்?" என்றார்.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் உங்க சாப்பு செல்லாது மாமா. அக்கா பேரு விட்டுப்போயிடும்."

கோப்பைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். படித்த திமிரில் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேனோ என்று அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். அஞ்சலை அக்கா வாசலிலேயே நின்று சாப்பு மாமாவின் கதவைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே! ஸ்ட்ராபெரிக்கு அடிச்சீங்க, கல்யாணப் பத்திரிகைக்கு அடிச்சீங்க, எனக்கு மட்டும் மை இல்லையா? இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் இன்னும் மலை ஏறணுமா? வெளிய வாங்க!"

கதவு திறந்தது. குளிர்ச்சட்டை போட்டு, தலை வாரி, மன்றக் கூட்டத்துக்குப் போகிற கோலத்தில் சாப்பு மாமா வெளியே வந்தார். அக்கா வீட்டுக்குள் போய், வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு மேசையில் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். சாப்பு குத்தினார். அது தலைகீழாக விழுந்தது. மறுபடி குத்தினார். பாதிதான் விழுந்தது. மூன்றாவது சரியாக வந்தது.

"ஒண்ணு போதும்ணே" என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "நீங்களும் ஒரு மனு போரம் போடுங்களேன். பக்கத்துலயே வீடு இருக்குமில்ல."

"எனக்கு நானே சூராட் எழுதிக்க முடியாதும்மா. சட்டம் இருக்கு."

அப்படிச் சட்டம் ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு முறை நான் பிழை திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை கடிதத்தையும் அறிக்கையையும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். நான் எழுதிய பக்கத்தை எடுத்துப் போகவில்லை. தன் கையால், பிழைகளோடு, ஒரே வரி எழுதியிருந்தார்: 'என்னிடம் உதவி கேட்டு வந்தவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை.'

மன்ற அலுவலகப் பெண் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஐயா, இது சாதனையா, புகாரா?" என்று கேட்டாளாம்.

"எனக்கும் தெரியல மா. எதுல வைக்கணுமோ அதுல வச்சுக்குங்க."

அஞ்சலை அக்காவுக்கு வீடு கிடைத்தது. லோரி வந்து சாமானை ஏற்றியபோது சாப்பு மாமாதான் பின்பக்கம் நின்று, "வலது, வலது, நேரா விடு" என்று ஓட்டுநருக்குக் கை காட்டினாராம். ரேடியோவை விட்டுப் போகிறேன் என்று அக்கா சொன்னதற்கு, வேண்டாம் என்று கையாலேயே மறுத்துவிட்டாராம். இதெல்லாம் அக்கா போனில் சொன்னது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் லயத்துக்குப் போனேன். பூட்டிய கதவுகளைத் தாண்டிக் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வெறும் சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"என்னா மா, என்னா ஆச்சு? அம்மாவுக்கு ஏதாச்சும் வேணுமா? உனக்கு எங்கயாச்சும் சொல்லணுமா? இப்ப எனக்கு ஒண்ணும் இல்லையே மா, நான் வெறும் ஆளு."

"ஒண்ணும் வேணாம் மாமா. சும்மாதான் வந்தேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். உங்களப் பாக்க."

ஏதோ பெரிய சிக்கலைத் தன்னிடமிருந்து நான் மறைக்கிறேன் என்பது போல என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் அவரும் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் ஒன்றும் கேட்காமல் அவரிடம் வந்த முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. அவர் பழகிக்கொள்ளும் வரை ஞாயிறுதோறும் போவதாக இருக்கிறேன்.