மேட்டுத் தெரு வீட்டின் தண்ணீர்க் கோடு

இனி எந்த வெள்ளம் வந்தாலும் வீட்டை மாற்றுவதில்லை என்று நான் ஒரு தீர்மானம் போட்டேன். ஒருமனதாக நிறைவேறியது. அப்போது என் மனைவி செவ்வந்தி வீட்டில் இல்லை.

தோணிரேவில் ஏரிக்கரை ஓரம் எங்கள் வீடு. கட்டிலில் படுத்தபடியே என் படகு தெரியும். பத்து எட்டு வைத்தால் படகில் ஏறிவிடலாம். அந்தச் சௌகரியம் ஏரிக்கும் உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை. போன ஐப்பசி மழையில் அதுவும் பத்து எட்டு வைத்து உள்ளே வந்துவிட்டது. கட்டில் மேல் நாற்காலி, நாற்காலி மேல் செவ்வந்தி, அவள் தலைமேல் அரிசி மூட்டை. இரண்டு நாள் அப்படி. அவள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

“மேட்டுத் தெருவுல வூடு பாக்கப் போறேன்,” என்றாள் தண்ணீர் வடிந்ததும்.

“அங்கேருந்து கால் மணி நேரம் நடக்கணும். படகு இன்னா ஆவறது?”

“படகுக்கு இன்னா? அது மெதக்கும். நான் மெதக்க மாட்டேன்.”

முன்பெல்லாம் வீடு பார்க்கப் போனால் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். இப்போதும் அதையேதான் கேட்கிறார்கள், குழாயைப் பார்த்து அல்ல. வாசல் திசையை எல்லாம் யாரும் கேட்பதில்லை. வெள்ளம் சுவரில் விட்டுப்போன சேற்றுக் கோட்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கணுக்கால் உயரம் என்றால் நல்ல வீடு. முழங்கால் என்றால் யோசிக்கலாம். இடுப்பு என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. அது எப்போதாவதுதான் செய்யும்.

செவ்வந்தி கண் வைத்திருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் பால்ராஜ். பொன்னேரியில் வேலை. வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சாவி பக்கத்து மளிகைக் கடையில் இருந்தது. அவள் வீடு பார்க்கப் போவதற்கு முதல் நாள், “வலைக்கு நூல் வாங்கியாறேன்,” என்று கிளம்பினேன். கையில் ஒரு பெயின்ட் டப்பா நிறைய ஏரிச் சேறு, ஒரு பழைய துணி. கடையில் சாவி வாங்கி அந்த வீட்டைத் திறந்து, நாலு சுவரிலும் நெஞ்சு உயரத்துக்குக் கோடு இழுத்தேன். நிஜ வெள்ளம்கூட அவ்வளவு நேராக இழுத்திருக்காது.

வீடு திரும்பியதும் செவ்வந்தி என் சட்டையைக் கழற்றச் சொல்லித் துவைக்க எடுத்துப் போனாள். நூல் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. என்ன இருந்தாலும் தங்கமான மனைவி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பால்ராஜும் வந்திருந்தார். கதவைத் திறந்தவர் நெஞ்சில் கை வைத்தார். கை சரியாகக் கோட்டு உயரத்தில் இருந்தது.

“அய்யய்யோ! இம்மாந் தண்ணியா வந்துச்சு?”

“வந்துகீதேண்ணே,” என்றேன், துக்கம் விசாரிக்கும் குரலில். “மேடுன்னு பேருதான். நம்ம வூட்ல இடுப்போட நின்னுச்சு. அதுவே தேவல. வா செவ்வந்தி, போலாம்.”

செவ்வந்தி கோட்டை ஒரு விரலால் தடவினாள். விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“ஆமாண்ணே,” என்றாள் பால்ராஜிடம். “கீழ் வூடு ஆவாது. மேல ஒரு போர்ஷன் கீதே?”

“அது நான் ரிட்டையர் ஆனா வந்து இருக்கலாம்னு வச்சிருக்கேம்மா.”

“நீங்க ரிட்டையர் ஆவறதுக்குள்ள எத்தினி மழ வரும்! பூட்டியே வச்சா வூடு கெட்டுப்பூடும். அதுவரிக்கும் நாங்க பாத்துக்கறோம். கீழ கோடு கீதுன்னு யார்கிட்டயும் மூச்சு வுட மாட்டோம்.”

பால்ராஜ் கோட்டை இன்னொரு முறை பார்த்தார். “மூச்சு விட்டுடாதம்மா,” என்றார். சாவிக் கொத்திலிருந்து மாடிச் சாவி கழன்றது.

கீழ் வீட்டுக்குத்தான் நான் தடை போட்டிருந்தேன். மாடிக்குக் கோடு இழுக்க எந்த ஏரியாலும் முடியாது. ஆனாலும் ஏணிப்படி ஏறும்போது கடைசி அஸ்திரத்தை விட்டேன்.

“இங்கேருந்து படகு தெரியாது. காத்துல கயிறு அறுந்தா யார் பாக்கறது?”

அவள் ஜன்னலைத் திறந்தாள். “அத்தோ பாரு.”

தெரிந்தது. கட்டிலில் இருந்து பார்ப்பதைவிட நன்றாகவே தெரிந்தது. பக்கத்தில் நான் சேறு அள்ளிய பள்ளம்கூடத் தெரிவதுபோல் இருந்தது.

செவ்வந்தி விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நுனியில் ஓர் இறால் மீசை ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஐப்பசில வந்த வெள்ளத்துல நேத்துப் புடிச்ச எறாலு எப்டிய்யா வந்துச்சு?”

நான் ஏரியின் அழகை ரசித்தேன்.

“பால்ராஜண்ணன் பஸ் ஏறட்டும். கீழ போயி நாலு செவுத்தையும் தொடைச்சுட்டு வா. பாவம், அவருக்கும் வேற ஆளு குடி வரணுமில்ல.”

“தொடைக்கத் துணிக்கு எங்க போறது?” என்றேன்.

பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். நேற்று நான் கோடு இழுத்துவிட்டுச் சட்டைப் பையிலேயே மறந்த அதே துணி. துவைத்து, மடித்து, வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தாள்.