மாடிக்கு மட்டும் கொண்டு போயிராதீங்க

மாஷிதா மாவு சலிக்கிற சல்லடையில் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். கடற்கரையிலிருந்து ஒரு வாளி அள்ளி வந்து, உப்புப் போகக் கழுவி, காயவைத்து, முற்றத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து தட்டித் தட்டிச் சலித்தாள். கிளிஞ்சலும் சிப்பியும் மேலே நின்றன. கீழே தாம்பாளத்தில் ரவையை விடப் பொடிசாக மணல் இறங்கியது.

அவள் புருஷன் காஜா நவாஸ் வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றான்.

"என்ன புள்ள, இன்னைக்கு மணல்லயா இடியாப்பம்?"

"நம்ம சஃபா விளையாடுறதுக்கு மச்சான். சிப்பி கையில குத்துதுன்னு அழுவுறா."

"மணலுக்குப் போயி சல்லடையா? அடுத்து அலைக்கு வடிகட்டி வாங்கணும்பே!"

தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். நுரை சட்டையில் விழுந்தது. மாஷிதா சல்லடையை இன்னும் ரெண்டு தட்டுத் தட்டினாள்.

அன்று காலை நவாஸ் ஒரு பெரிய தீர்மானத்தோடு எழுந்திருந்தான். இன்று பொழுது சாய்வதற்குள் முன்னறையைப் பிடித்துவிடுவது.

கத்தாரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு, இனிமேல் ஊரோடு இருக்கலாம் என்று வந்தவன் அவன். கடை வைக்க ஆசை. தெருவைப் பார்த்த முன்னறைதான் தோது. ஆனால் அந்த ஊர் வழக்கப்படி வீடு பொண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார். பெட்டி வைக்கிற அளவு இடம்தான் அவருடையது. அந்த வீட்டின் முன்னறையிலோ மாஷிதா வாழ்த்து அட்டை செய்துகொண்டிருந்தாள். பெருநாள் அட்டை, நிக்காஹ் அட்டை, பிள்ளைக்குப் பேர் வைத்தால் அதற்கொரு அட்டை. கலர் கலராகத் தாள், பூவும் பிறையும் கொடியுமாக ரப்பர் ஸ்டாம்பு, டப்பா டப்பாவாக மை.

பேசாமல் கேட்டு வாங்கியிருக்கலாம். அதற்குள் நவாஸ் 'நவாஸ் மொபைல்ஸ்' என்று ஆள் உயரத்துக்கு போர்டு எழுதி வாங்கிவிட்டான். பெண்டாட்டிக்குத் தெரியாமல் பீரோவுக்குப் பின்னால் நிறுத்தியும் வைத்துவிட்டான். கூட்டாளி சீனி முகம்மது பள்ளிவாசலில் பார்க்கிறபோதெல்லாம், "மாப்ளே, தொறப்பு விழா எப்ப? பிரியாணியா, வெறும் சர்பத்தா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான். கடை திறக்காவிட்டால் தொழுகைக்கே வேறு ஊர் போகவேண்டிய நிலைமை.

போன வாரம்தான் வழி பிறந்தது. அடுத்த தெரு உம்மு ஹபீபா மாமி மகளுக்கு நிக்காஹ். வருகிறவர்களுக்குக் கொடுக்கிற பலகாரப் பெட்டிக்கு மேலே வைக்க அட்டை கேட்டிருந்தார். கருநீலத் தாளில் தங்கநிறப் பிறையும் பூவும். மாமியும் மாஷிதாவும் ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். நவாஸ் எட்டிப் பார்த்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். பொம்பளைப் பேச்சு என்று அவனும் விட்டுவிட்டான்.

மை தேர்ந்தெடுக்கிற விஷயத்தில் மட்டும் அவனால் விட முடியவில்லை.

"எதுக்கு அந்த பிக்மெண்ட் மை? குத்துனா மறுநாள் வரைக்கும் ஈரமாவே கெடக்குது. கத்தார்ல நான் குத்தாத சீலா? இந்தா, ஆபீஸ் மை. குத்துன உடனே காஞ்சிரும்."

ஊதா மை பாட்டிலை அவள் முன்னால் வைத்தான்.

"அது தாளுக்குள்ள எறங்குற மை மச்சான். வெள்ளைத் தாளுக்குச் சரி. கருநீலத்துல தெரியாது. பிக்மெண்ட் மை தாளுக்கு மேலயே உக்காந்துக்கும். அதனாலதான் காய நேரமாவுது. அதனாலதான் கலரும் தெரியுது."

"ஸ்டோர் கீப்பருக்கே பாடமா?"

கருநீல அட்டையை எடுத்தான். ஸ்டாம்பை ஊதா மையில் முக்கினான். கத்தார் சர்க்காரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓங்கிக் குத்தினான்.

அட்டையில் ஒன்றும் இல்லை.

வெளிச்சத்தில் பிடித்தான். சாய்த்தான். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான், மாட்டிப் பார்த்தான். குத்தியதற்கு ஒரே அடையாளம் அவனுடைய கட்டைவிரலில் இருந்த ஊதாதான்.

"நல்லா விழுந்துருக்கு மச்சான்," என்றாள் மாஷிதா. "விரல்ல."

அந்தக் கடுப்பில்தான் பந்தயம் வைத்தான்.

"சரி. இந்த ஆர்டரை உன் மையிலயே பண்ணு. கெட்டுப்போச்சுன்னா முன்னறை எனக்கு."

"நல்லா வந்துட்டா?"

"நீ சொல்ற வேலையெல்லாம் செய்யிறேன்."

"நான் சொல்லி நீங்க எப்ப மச்சான் செஞ்சிருக்கீங்க?"

அது நியாயமான கேள்வி. குடை எடுத்துட்டுப் போங்க என்றால் நவாஸ் தெப்பமாக நனைந்து வருவான். இன்னைக்கு மீன் வேணாம் என்றால் பை நிறைய நெத்திலியோடு நிற்பான். வலது பக்கம் திரும்பிப் படுங்க, குறட்டை கேக்குது என்றால் இடது பக்கம் திரும்பி ரெண்டு மடங்காக விடுவான். ஆம்பளை என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பது அவனுடைய கொள்கை.

இன்றுதான் அட்டை கொடுக்கிற நாள். சாயங்காலம் மகரிபுத் தொழுகைக்கு முன்னால் மாமி வருவதாகச் சொல்லியிருந்தார்.

மணலைச் சலித்து முடித்து, காலைச் சமையலையும் முடித்து, மாஷிதா வேலைக்கு உட்கார்ந்தாள். நவாஸ் கதவோரம் நாற்காலி போட்டுக்கொண்டான், எதிரி நாட்டு வேவுக்காரன் மாதிரி. மாஷிதா ஸ்டாம்பை மல்லாத்திக் கையில் பிடித்து, தங்கநிற மைப் பஞ்சால் அதன் மேலே மெத்து மெத்தென்று ஒற்றினாள். குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி.

"தலைகீழாப் பண்றே புள்ள. ஸ்டாம்பைல்ல மையில குத்தணும்?"

"இந்த மை கெட்டி மச்சான். ஸ்டாம்பை அமுக்குனா வரி எல்லாம் அடைச்சுக்கும், பிறை தோசை மாதிரி விழும். மையை ஸ்டாம்புக்குக் கொண்டு போகணும்."

"மேல தூவுற மினுமினுப் பொடி எங்க? போன தடவை தூவி, சூட்டு மெஷின்ல ஊதி உடனே காய வச்சியே?"

"தீந்து போச்சு."

நவாஸின் மனசுக்குள் பட்டாசு வெடித்தது. பொடி இல்லை. மையோ காயாது. மாமி வருவதற்குள் என்ன செய்வாள்? ஒரு அட்டை மேலே ஒரு அட்டை பட்டால் போச்சு, எல்லாம் இழுவி தங்கச் சேறு.

அட்டைகளைத் தட்டுகளில் பரப்பிவிட்டு மாஷிதா எழுந்தாள். சஃபா தூக்கத்துக்குச் சிணுங்கிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், நான் புள்ளையத் தூங்க வைக்கப் போறேன். ஒண்ணு மட்டும் சொல்றேன், புண்ணியமாப் போவும். இந்தத் தட்டையெல்லாம் மாடிக்கு மட்டும் கொண்டு போயிராதீங்க. மேக்கேருந்து கச்சான் காத்து போடு போடுன்னு போடுது. ஈர மையில மண்ணு ஒட்டுச்சுன்னா என் பொழப்பே போச்சு."

"நான் ஏன் கொண்டு போறேன்?" என்றான் நவாஸ். அவன் குரலிலேயே தேன் வடிந்தது.

"கொடியிலயும் மாட்டிராதீங்க."

"சேச்சே!"

"அதுவும் காத்தைப் பாத்தாப்புல மாட்டிராதீங்க."

அறைக்கதவு சாத்திக்கொண்டது. தாலாட்டு கேட்டது. நவாஸ் முதல் தட்டைத் தூக்கினான்.

மாடியில் வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று கைலியைப் பாய்மரமாக்கியது. ஆனால் அதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்கிறதே! கொடியில் யாரோ கிளிப்பை வரிசை பிசகாமல் மாட்டி வைத்திருந்தார்கள். அட்டையைச் செருக வேண்டியதுதான். காற்று வருகிற பக்கம் கைப்பிடிச் சுவர் மேலே ஒரு தாம்பாளம். அதில் காலையில் சலித்த மணல், மேலே பழைய துணி மூடி, துணிக்கு மேலே ஒரு கல்.

"புள்ளை விளையாட்டு மணலை மாடியிலயா வைப்பா? கூறு கெட்டவ," என்று நவாஸ் சந்தோஷமாகத் திட்டினான். கல்லை எடுத்தான். துணி தானாகப் பறந்தது.

மணல் எழுந்தது பாருங்கள்! கொடியில் தொங்கிய அட்டைகள் மேலே சர் சர்ரென்று அடித்தது. நவாஸ் கண்ணிலும் அடித்தது. அவன் சளைக்கவில்லை. தட்டு தட்டாகத் தூக்கி வந்தான். படி ஏறி இறங்கி முட்டி கழன்றது. மூலையில் இருந்த அட்டைகளுக்கு மணல் சரியாகப் படவில்லை என்று தோன்றியதால், கையால் அள்ளியே தூவினான். ஒன்றைக்கூட விட்டுவிடக்கூடாது என்கிற நியாயமான எண்ணம்தான். ஓரத்தில் நின்ற அட்டைகளைத் திருப்பித் திருப்பி மாட்டினான். கம்பெனியில் அவன் இப்படி உழைத்திருந்தால் மேனேஜர் ஆக்கியிருப்பார்கள்.

வேர்வையோடு சீனி முகம்மதுக்குப் போன் போட்டான்.

"ஏலே சீனி, வெள்ளிக்கிழமை தொறப்பு விழா!"

"பிரியாணியாலே?"

"மட்டன்!"

அஸர் தொழுகைக்குப் பின்னால் அட்டைகளைத் தட்டித் தட்டித் தட்டில் அடுக்கினான். மிச்ச மணல் உதிர்ந்தது. மை இருந்த இடத்தில் மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றது. "நல்லா ஒட்டிக்கிடுச்சு," என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, எல்லாவற்றையும் முன்னறையில் பழையபடி வைத்தான். முகத்தைத் துடைத்து, ஒன்றும் தெரியாத முகத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

உம்மு ஹபீபா மாமி வந்தார். மாஷிதா தூங்கி எழுந்த சஃபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"மாமி," என்று நவாஸ் முந்திக்கொண்டான். "மனசைத் திடப்படுத்திக்கங்க. மை காயாத மை. நான் அப்பவே சொன்னேன். யாரு கேக்குறா?"

மாமி ஒரு அட்டையை எடுத்தார். பிறையை விரலால் தடவினார். அவர் கண் விரிந்தது.

"யா ரப்பே! அடியே மாஷிதா! நீ குடுத்த மாதிரி அட்டையை விட அழகா வந்துருக்குடி! மணல் பூரா தங்கமா மின்னுதே! மலேசியாவுலேருந்து வர்ற எங்க நாத்தனா இதைப் பாத்து வாயடைச்சுப் போவணும்."

நவாஸுக்குத்தான் வாய் முதலில் அடைத்தது.

"மாதிரி அட்டையா?"

"ஆமா மருமவனே. போன வாரமே மணல் ஒட்டி ஒண்ணு செஞ்சு காட்டுனா. பொடிக்குப் பதிலா நம்ம கடல் மணல். இப்படியே வேணும்னுதான் நான் சொன்னேன். மூலை முடுக்கெல்லாம் எப்படி ஒரே சீரா விழுந்துருக்கு! யாரு தூவுனது?"

மாஷிதா புருஷனைப் பார்த்தாள். "மச்சான்தான் மாமி. வெயில்னு பாக்காம."

"நல்லாருப்பா!" என்று மாமி அவன் தலையில் கை வைத்து துஆச் செய்தார். கையில் மணல் ஒட்டியது. பெட்டி பெட்டியாக அட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

நவாஸ் வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"உதிர்ந்துரும்," என்றான் கடைசி நம்பிக்கையாக. "பெட்டியத் தொறக்குறப்ப பூரா உதிர்ந்துரும்."

"உதிராது மச்சான். கல்யாணத்துக்கு முதல் நாள் மாமி வீட்டுக்குப் போயி மேலாப்புல உங்க ஹேர் ஸ்பிரே அடிச்சுவிட்டு வந்துருவேன். மாதிரி அட்டையில ஒரு மணி கூட விழலை."

கத்தாரிலிருந்து வந்த ஸ்பிரே டப்பா இந்த ஒரு வாரமாக ஏன் லேசாகிக்கொண்டே வந்தது என்பது அவனுக்கு இப்போது விளங்கியது. தலையில் மிச்சமிருந்த நாலு முடியைத் தடவிக்கொண்டான்.

"ஏன் புள்ள, மாடிக்குக் கொண்டு போங்கன்னு நேராச் சொன்னா என்ன?"

"சொல்லியிருந்தா?"

நவாஸ் யோசித்தான். சொல்லியிருந்தால் முட்டிவலி வந்திருக்கும். வெயில் ஆகாது என்றிருப்பான். ஆம்பளைக்கு வேற வேலை இல்லையா என்றிருப்பான். எல்லாமே அவனுக்கே தெரிந்தது. அதுதான் எரிச்சல்.

போன் அடித்தது. சீனி முகம்மது. "மாப்ளே, மட்டனுக்குச் சொல்லிட்டேன்." நவாஸ் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினான். அது அங்கேயும் பிரியாணி கேட்டது.

மாஷிதா பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு 'நவாஸ் மொபைல்ஸ்' போர்டை இழுத்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எழுத்து கீழே போக ரெண்டு ஸ்டூல் மேலே அதைப் படுக்கப் போட்டாள். நல்ல அகல மேசை.

"அட்டை பரப்ப எடம் பத்தாமக் கெடந்துச்சு மச்சான். நல்ல பலகை."

"பந்தயத்துல நீ ஜெயிச்சுட்டே. சரி. சொல்லு, என்ன வேலை?"

"உங்களுக்கு வேலையா? நான் எதுவும் சொல்ல மாட்டேன்." ஸ்டாம்பு ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்தபடியே சொன்னாள். "ஒண்ணே ஒண்ணுதான். நாளைக்கு நான் உம்மா வீட்டுக்குப் போயிட்டு வாரேன். போயிட்டு வாரதுக்குள்ள நீங்க ஒரு காரியத்தை மட்டும் செஞ்சிரவே கூடாது."

நவாஸின் காது நிமிர்ந்தது. முட்டிவலி மறைந்தது. கை ரெண்டும் தானாகப் பரபரத்தன.

"எதை?"

"தலையே போனாலும் சரி மச்சான், அந்தக் கொல்லைப்புறத்துல இருக்குற..."

"உம்மா!" என்று உள்ளேயிருந்து சஃபா அலறினாள். மாஷிதா துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"ஏ புள்ள!" என்று நவாஸ் பின்னாலேயே கத்தினான். "எதைச் செய்யக் கூடாதுன்னு சொல்லிட்டாவது போ!"