துறவி ஒஸ்பேட்டின் மரண அறிவித்தல்

தொளாயிரம் வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த துறவி ஒஸ்பேட் உண்மையிலேயே இறந்துவிட்டாரா என்ற பாரதூரமான ஐயம், ரொறன்ரோவிலுள்ள ஒரு கல்லூரியின் ஆய்வு நெறிமுறை அலுவலகத்துக்கு ஒரு திங்கட்கிழமை காலை ஏற்பட்டது.

அதில் மாட்டிக்கொண்டவர் யோகமலர். அங்கே வரலாறு படிப்பிக்கிறவர். கொன்ராக்ற் வேலை; புதுப்பிப்பார்களா என்று ஒவ்வொரு கோடையிலும் பயம். இந்த முறை ஒரு கட்டுரை வெளிவந்தால் வேலை நிரந்தரம் என்று மேலிடம் வாக்களித்திருந்தது. அவரும் மாய்ந்து மாய்ந்து எழுதினார். ஒஸ்பேட் எழுதியதாகச் சொல்லப்படும் சரித்திர நூல் அவர் எழுதியதே அல்ல, பின்னால் வந்தவர்கள் மடத்துக் காணிகளுக்கு உரிமை கொண்டாட எழுதி அந்த அப்பாவியின் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது கட்டுரையின் சாரம்.

நெறிமுறை அலுவலர் கிளிபோட் நம்மவர்தான், தமிழர். அதனால் சலுகை கிடைக்கும் என்று யோகமலர் நினைத்தது அவருடைய வெள்ளை மனசு.

"அக்கா, ஒரு ஆளின்ரை பேருக்குப் பங்கம் வாற மாதிரி எழுதுறதெண்டால் அந்த ஆளின்ரை சம்மதம் வேணும்."

"அவர் செத்துப்போனார், கிளிபோட்."

"உதுக்கு ஆதாரம்?"

"அவரின்ரை புத்தகத்தின்ரை கடைசிப் பக்கத்திலை மடத்துக்காரர் எழுதி வைச்சிருக்கினம். காய்ச்சலிலை செத்தவராம்."

"அந்தப் புத்தகம் பொய்யெண்டுதானே எழுதியிருக்கிறியள்?"

கிளிபோட் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்.

"புத்தகம் உண்மையெண்டால் ஆள் செத்திட்டார், உங்கடை கட்டுரை பிழை. புத்தகம் பொய்யெண்டால் கட்டுரை சரி, ஆனால் ஆள் உயிரோடை. ரெண்டிலை எது வேணும்?"

"தொளாயிரம் வருசம் ஆரும் உயிரோடை இருப்பினமே?"

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா. வயதை வைச்சு ஒருத்தரையும் குறைவாய் நினைக்கக்கூடாதெண்டு போன மாதந்தான் எங்களுக்கு றெயினிங் தந்தவை. மரணச் சான்றிதழ் கொண்டுவாங்கோ. இல்லாட்டி பேப்பரிலை வந்த மரண அறிவித்தலும் காணும்."

ரொறன்ரோத் தமிழருக்கு எதில் குறை இருந்தாலும் மரண அறிவித்தலில் குறையில்லை. பலசரக்குக் கடை வாசலில் இலவசமாகக் குவிந்து கிடக்கும் பத்திரிகைகளில் பாதி அதுதான். மீதி, வீடு விற்றுத் தருபவர்களின் சிரிப்பு. யோகமலர் அப்படியொரு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த பெண்ணுக்கும் ஒரு சட்டம் இருந்தது.

"தகவல் எண்டு கீழை ஒரு சொந்தக்காரரின்ரை பேர் வேணும். அழ ஆளில்லாதவருக்குப் போடுறேல்லை."

"துறவிக்கு ஏது சொந்தம்?"

"அப்ப அவரைப் பெரியப்பாவெண்டும் உங்களைப் பெறாமகளெண்டும் போடுறன்."

யோகமலருக்குக் கூசியது. ஆனால் வேலை வேண்டுமே. தலையாட்டினார்.

அறிவித்தல் கட்டம் கட்டி வந்தது. 'இங்கிலாந்து வென்ஸ்பரியைப் பிறப்பிடமாகவும், அவ்வூர் மடத்தை வதிவிடமாகவும் கொண்ட ஒஸ்பேட் அவர்கள் சென்ற வியாழக்கிழமை காலமானார். அன்னார் யோகமலரின் அன்புப் பெரியப்பாவும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.' யோகமலர் சரியான ஆண்டைத்தான் கொடுத்திருந்தார். அதை எழுத்துப் பிழை என்று நினைத்து, பத்திரிகைக்காரர்கள் பெருந்தன்மையோடு திருத்தியிருந்தார்கள்.

உற்றார் உறவினர் உடனே ஏற்றுக்கொண்டார்கள். மறுநாள் பின்னேரம் ஸ்ரௌவ்விலில் யோகமலரின் வீட்டு வாசலில் கார் விட இடமில்லை. பேபி அன்ரி சோறும் மரக்கறியும் சமைத்துக்கொண்டு வந்தார்.

"உன்ரை பெரியப்பாவை லண்டனிலை ஒரு கலியாண வீட்டிலை கண்டனான், பிள்ளை. தங்கமான மனிசன்."

விட்பியிலிருந்து வந்த ஒருவர், தன்னையும் மருமகன் என்று போடாததற்குக் கோபித்துச் சாப்பிடாமலே திரும்பிப் போனார்.

அந்த நேரம் பார்த்துக் கிளிபோட் அழைத்தார்.

"அக்கா, ஆழ்ந்த அனுதாபங்கள். மரணத்தை அலுவலகம் முழுமனதோடை ஏற்றுக்கொண்டிட்டுது."

"அப்ப கட்டுரையை அனுப்பலாம்?"

"அதிலைதான் ஒரு சிக்கல். சொந்தப் பெரியப்பாவைப் பற்றி ஆராயேலாது. சட்டமக்கா. அதாலை ஒஸ்பேட்டை வேறை ஆளிட்டைக் குடுத்திட்டம். நிரந்தர வேலையும் அந்த ஆளுக்குத்தான். நீங்கள் யோசியாதேங்கோ, உங்கடை கொன்ராக்ற் முடியுமட்டும் துக்க லீவு."

யோகமலர் போனை வைத்தார். பிறகு, அத்தனை பேருக்கும் நடுவில் இருந்து வாய்விட்டு அழுதார்.

கூடத்தில் இருந்தவர்கள் ஆளையாள் பார்த்துத் தலையசைத்தார்கள். பேபி அன்ரி அவரை இறுக அணைத்துக்கொண்டார்.

"அழு பிள்ளை, நல்லாய் அழு. இவ்வளவு நேரமும் நீ அழாமல் இருக்க, ஆள் உண்மையிலை செத்தவரோ எண்டு எங்களுக்கே சந்தேகமாய்க் கிடந்தது."